பன்னிரண்டு ஊசிகள்

காஸ்தெல்ரோவெரோ,
12 நவம்பர் 2017

அன்புள்ள ரொசால்பாவுக்கு,

உன் நுன்சியா எழுதுவது. நான் நலம். பெல்ஜியத்துக் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே கோத்துத் தொங்கவிட்ட மிளகாய் நன்றாகக் காய்ந்துவிட்டது. ஒரு சரம் உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். கல்லீரல் அழற்சிக் கிருமி இருக்கிறதா என்று நீ ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஏன் என்று சொல்வதற்குள் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே.

1966 வசந்தம் நினைவிருக்கிறதா? உன் கல்யாணத்துக்கு இரண்டு மாதம். உன் வருங்கால மாமியார் வந்து பார்த்துவிட்டு, "என்னடி இது, தொடப்பக்குச்சிக்குப் பாவாடை கட்டின மாதிரி இருக்கா" என்றாள். உன் அம்மா அழுதுகொண்டு ஓடிவந்தது என்னிடம். அப்போது மேல்தெருவில் யார் இளைத்தாலும் என் ஊசிதான். டாக்டர் சத்து மருந்து எழுதித் தருவார், வீடு வீடாகப் போய்ப் போடுவது நான். உனக்குப் பன்னிரண்டு ஊசி. சமையலறை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பாய், குத்துவதற்கு முன்னாலேயே சிரிப்பாய். எனக்கும் சிரிப்பு வந்து ஒருநாள் ஊசி வளைந்தே போயிற்று. அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாயிற்று, ரொசால்பா.

என்னிடம் இருந்தது ஒரே ஊசி, ஒரே கண்ணாடிக் குழாய். தகரப் பெட்டியில் தண்ணீர் விட்டு, மூடியில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்திக் கொதிக்க வைப்பேன். அது முதல் வீட்டில் மட்டும். மற்ற வீடுகளில் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அதனால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்தவருக்குப் போடுவேன். என் கை சுத்தம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

போன வருஷம் புதிதாக வந்த டாக்டர் அறுபது தாண்டியவர்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்தார். என் ரத்தத்தில் கிருமி இருந்தது. அதைச் சொல்லிவிட்டு, கிருமி இருந்த வீடுகளுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்த ஊர்ப்படத்தைக் காட்டினார். மேல்தெருவில் மூன்று வீட்டுக்கு ஒன்று. கோயிலுக்குக் கீழே ஒன்றிரண்டுதான். "ஏன் இப்படின்னு புரியலைம்மா" என்றார். எனக்குப் புரிந்தது. ஊற்றடியில் ஆரம்பித்து, தச்சர் வீட்டருகே திரும்பி, உன் வீட்டில் முடியும் வரிசை. தினமும் காலையில் நான் நடந்த வழி.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப இந்தக் கிருமிக்குப் பேரே கெடையாதும்மா. எல்லா ஊர்லயும் இப்படித்தான் போட்டாங்க" என்றார். உள்ளே போனால் முப்பது, நாற்பது வருஷம் சத்தமே இல்லாமல் இருக்குமாம். சிலரைக் கடைசிவரை ஒன்றும் செய்யாதாம். சிலருக்குக் கல்லீரல் மெல்லத் தழும்பேறி இறுகிவிடும். வயிற்றில் நீர் கட்டும், புற்று வரும்.

என் டொனாத்தோ அப்படித்தான் போனார். "இவ்வளவு குடிப்பார்னு தெரியாமப் போச்சே" என்று நீயும் அன்று எழுதினாய். ஞாயிற்றுக்கிழமை அரை டம்ளர் ஒயினைத் தாண்டாத மனிதர். ஊர்ப் பேச்சைக் கேட்டு நானே அலமாரியில் பாட்டில் தேடினேன். டைபாய்டு வந்து அவர் தேறியபோது முப்பது ஊசி போட்டதும் நான்தான். கல்லறைக்குப் போய் இதையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். மனம் ஆறவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வாரம் மாத்திரை கொடுத்தார்கள். கிருமி போய்விட்டது. டொனாத்தோ காலத்தில் அந்த மாத்திரை இல்லை. உன் காலத்தில் இருக்கிறது.

எப்போதும் அசதியாக இருக்கிறது, வயதாகிறது என்று கோடையில் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இந்த வாரமே போ. ஒன்றும் இல்லை என்றால் என்னைப் பார்த்துச் சிரி. இருந்தால், ஊர்ப் பாஷையில் வாய் வலிக்கத் திட்டி எழுது. பதில் சொல்லாமல் கேட்டுக்கொள்கிறேன். என்னைத் திட்டுவதற்காவது நீ நெடுநாள் இருக்க வேண்டும்.

மாதா உன்னைக் காப்பாளாக.

உனக்கு ஊசி போட்ட,
நுன்சியா