ஓட்டையில்லாத பொத்தான்கள்

மார்ச் 3
இன்று கடையில் என் வீட்டுக்காரர் கத்தரிக்கோலைத் தானே பிடித்து ஒரு கால்சட்டைத் துணியை வெட்டி முடித்தார். மூட்டுவாதத்தில் விரல்கள் மடங்காமல் போனபின் இதுதான் முதல் தடவை. வாரம் ஒருநாள் போடும் மூட்டு மாத்திரை வேலை செய்கிறது. கடவுளே, உனக்குக் கோடி நன்றி.
மற்ற நாட்களுக்குச் சின்னதாய் ஒரு மஞ்சள் மாத்திரை. ஏதோ சத்து மாத்திரை போல.

மார்ச் 9
மேல்வீட்டுக்காரி துணி தைக்கக் கொடுக்க வந்தவள் மஞ்சள் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டாள். "அக்கா, இது நான் உண்டாகியிருந்தப்ப சாப்பிட்டதாச்சே. அண்ணனுக்கு எத்தனாவது மாசம்?" கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 14
அவருக்கு வாயெல்லாம் புண். தண்ணீர் பட்டாலே எரிகிறதாம். உடம்புச் சூடு என்கிறார்.

ஏப்ரல் 17
ரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகளின் அளவுகள் ஏறியிருக்கின்றன. மூட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. மஞ்சள் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டார். தவறாமல் நானே எடுத்துக் கொடுக்கிறேன் என்றேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நிறுத்தினால் கை? கை போனால் பிழைப்பு?

ஏப்ரல் 19
மஞ்சள் பொத்தான் தேடி அவருடைய பொத்தான் டப்பாவைக் கொட்டினேன். ஓட்டையே இல்லாத பொத்தான்கள். கை நிறைய.
அத்தனையும் மாத்திரை! வாயில போட்ட மாதிரி காட்டிட்டு இங்க போட்டிருக்காரே மனுஷன்.
"பிள்ளைத்தாச்சி மாத்திரைன்னு சிரிச்சாங்களே... சத்துக்குத்தானேன்னு விட்டுட்டேன்" என்றார். கோபம் பாதி, நிம்மதி பாதி எனக்கு. டாக்டரம்மா கேட்டது இதைத்தானே, புண்ணுக்குக் காரணம் கிடைத்துவிட்டதே.

ஏப்ரல் 21
டப்பாவோடே போனோம். டாக்டரம்மா திட்டவில்லை. மூட்டு மாத்திரை உடம்பிலுள்ள ஒரு சத்தை வேலை செய்யவிடாமல் தடுக்குமாம். அதில் வாயும் ஈரலும் அடிபடுமாம். மஞ்சள் மாத்திரை அந்த அடியைக் குறைக்கத்தானாம்.
"அப்ப ஊசி குத்தாம விரல்ல மாட்டுற விரலுறை மாதிரி" என்றார் இவர். "அதேதான். உறையைக் கழட்டிட்டுத் தைச்சிருக்கீங்க."
ஈரல் சரியானதும் இரண்டையும் சேர்த்துத் தொடங்கலாமாம்.

மே 6
விரல்கள் மறுபடி விறைத்துக்கொண்டன. அவர் சொல்லச் சொல்ல நான் வெட்டுகிறேன். பொறுமை கொடு, ஆண்டவனே.

மே 20
அளவுகள் இறங்கிவிட்டன. ஞாயிறு முதல் இரண்டும்.

ஜூலை 29
வாய் சுத்தம். ஈரலும் நல்லபடி. இன்று கடையில் ஆள் நிற்கும்போதே, "என் பிள்ளைத்தாச்சி மாத்திரையை எடுத்தா" என்று குரல் கொடுத்தார். மேல்வீட்டுக்காரி விடவில்லை: "இப்ப எத்தனாவது மாசம்ணே?"
"நிறைமாசம். உன் சட்டைதான் பொறக்கணும்."
விழுங்கிவிட்டு, நான் கேட்காமலே நாக்கைத் தூக்கிக் காட்டினார். பிறகு கத்தரிக்கோலை எடுத்தார்.