முதல் தெரிவுக்கு ஈடாக நீ

இன்று காலை லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு காய்கறிக் கடைக் கண்ணாடியில் இந்த வருட உதைபந்தாட்ட வீரர் தெரிவுக்கான அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஆறு அணிகள், ஞாயிறு பிற்பகல் மூன்று மணி, அணித்தலைவர்கள் நேரத்துக்கு வரவும். அந்தத் தாளைச் சுற்றிப் பழைய ஒட்டுநாடாத் துண்டுகள் கண்ணாடியில் மிச்சமிருந்தன. மாசி மாதம் முழுவதும் உன் மரண அறிவித்தல் இருந்த இடம் அது. நான் கத்தரிக்காய் வாங்கப் போனவன். வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

உனக்கு எழுத வேண்டும் என்று ரயிலில் ஏறிய பிறகுதான் தோன்றியது. எழுதினால் ஏதாவது வரும், அழுகையாவது வரும் என்று நினைத்தேன். இதுவரை வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லெ பிளாங்-மெனிலில் ஒரே அறையில் ஆறு வருடம் இருந்தோம். நான் ஒரு ரெஸ்ரோறன்ரில் சமையல், நீ அதற்கு இரண்டு தெரு தள்ளி இன்னொன்றில் கோப்பை கழுவினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓல்னேப் பக்க மைதானத்தில் உதைபந்தாட்டம். நான் நடுவில் ஆடுவேன், அணித்தலைவன் என்ற பெயரும் எனக்குத்தான். நீ பின்வரிசை. உன்னிடம் வேகம் இல்லை, உயரமும் பெரிதாக இல்லை. ஆனால் பந்து எங்கே வந்து விழுமோ அங்கே ஏற்கெனவே நிற்பாய். அதனாலேயே யாரும் உனக்குக் கை தட்டியதில்லை. பாய்ந்து விழுந்து தடுக்கிறவனுக்குத்தான் கை தட்டுவார்கள்.

ஊரில் போர் முடிந்த 2009இல் யாரும் பந்தைத் தொடவில்லை. நீ போருக்குள் அகப்பட்டிருந்த உன் தம்பியைப் பற்றிய செய்திக்காகக் காத்திருந்தாய். வைகாசிக்குப் பிறகும் காத்திருந்தாய். வேலைக்குப் போனாய், வந்தாய், தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு அதன் முன்னால் சாப்பிட்டாய். அடுத்த வருடம் இளவேனிலில் மறுபடி விளையாடலாம் என்று எல்லோரும் சொன்னபோது முதலில் சப்பாத்தைத் துடைத்தவன் நீ. ஏன் என்று நான் கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமையாவது எனக்கெண்டு ஒரு இடம் இருக்கட்டும், மச்சான்" என்றாய்.

முன்பு ஊர் ஊராக அணி சேர்த்து ஆடியதில் சண்டைதான் மிஞ்சியது. அதனால் அந்த வருடம் ஒழுங்கமைப்பாளர்கள் எல்லோரையும் கலந்துவிட்டார்கள். ஆறு அணித்தலைவர்கள், ஒரே பெயர்ப்பட்டியல். சீட்டுக் குலுக்கி வரும் வரிசைப்படி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுக்க வேண்டும். பழைய ஆள் ஒருவரை மட்டும் தெரிவுக்கு விடாமல் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். நான் படிவத்தில் உன் பெயரை எழுதி உனக்குக் காட்டினேன். நீ அதைப் பார்த்துச் சிரித்தாய். அந்த வருடத்தில் நீ சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு தடவைதான்.

சீட்டில், பெயர் எடுக்கும் நாலாவது முறை எனக்கு விழுந்தது. முதல் முறை மோகன் அண்ணைக்கு. ரூ பஜோல் தெருவுக்குப் பக்கத்தில் தொலைபேசிக் கடை வைத்திருந்தாரே, அவர்தான்.

அந்தப் பட்டியலில் கெவின் இருந்தான். இருபது வயது, இங்கேயே பிறந்தவன், ஒரு பிரெஞ்சுக் கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தான். பந்தோடு இரண்டு பேரை வெட்டிவிட்டு மூன்றாவது ஆளுக்காக நின்று காத்திருப்பான். அவனை எடுக்கிறவனுக்குத்தான் கிண்ணம் என்று கடைகளிலெல்லாம் பேச்சு. தெரிவுக்கு முந்தின கிழமை முழுவதும் வெங்காயம் வெட்டிக்கொண்டே நான் அவனைத்தான் நினைத்தேன். நாலாவது முறை வரும்வரை அவன் இருக்கப்போவதில்லை.

தெரிவு நாளன்று மண்டபத்துக்கு வெளியே மோகன் அண்ணையிடம் அவருடைய முதல் முறையைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை, விடையோடு வந்தவர் போல் இருந்தார்.

"முதல் முறையைத் தாறன். உம்மட நாலாவதும், ரெண்டாம் சுற்றும், மூண்டாம் சுற்றும் எனக்கு. அதோட, நீர் வைச்சிருக்கிற ஆளையும் தரவேணும்."

"அவனையுமோ?"

"அவர் இல்லாட்டி எனக்கு வேண்டாம்."

ஒரு ஆளுக்காக நாலு ஆள். இப்போது எழுதிப் பார்க்கும்போது பைத்தியக்காரக் கணக்காகத் தெரிகிறது. அன்று அப்படித் தெரியவில்லை. கெவின் என்ன செய்வான் என்பதை நான் கற்பனையில் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்கு அளவே இல்லை. நீ என்ன செய்வாய் என்பது எனக்குத் தெரியும், தெரிந்ததால் சின்னதாகத் தெரிந்தது. இரண்டாம் சுற்றில், மூன்றாம் சுற்றில் வரக்கூடியவர்களுக்கு இன்னும் முகமே இல்லை. முகமில்லாதவர்களைக் கொடுப்பது மிகவும் இலகுவாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். உன்னிடம் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். நீ அப்போது மண்டபத்துக்குள் கதிரைகளை இழுத்து வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாய்.

சொல்ல நேரம் இருந்தது. பத்து நிமிடமாவது இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போனேன்.

ஒழுங்கமைப்பாளர் மேடையில் நின்று மாற்றங்களை வாசித்தார். உன் பெயரையும் மோகன் அண்ணையின் அணியின் பெயரையும் ஒன்றாகச் சொன்னார். நீ எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாய். பிழையாக வாசித்துவிட்டார் என்று நினைத்து என் பக்கம் திரும்பினாய். நான் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு விளங்கிவிட்டது. குனிந்து காலடியில் இருந்த பையை எடுத்தாய்.

"என்னட்டை ஒருக்காச் சொல்லியிருக்கலாம்" என்றாய். குரல் உயரவில்லை. பிறகு எழும்பி, எல்லோரும் பார்க்க, மண்டபத்தின் மற்றப் பக்கம் நடந்துபோய் மோகன் அண்ணையின் ஆட்களோடு இருந்தாய். அவர்கள் உனக்கு இடம் விட்டார்கள்.

நான் கெவினின் பெயரைச் சொன்னேன். மண்டபம் கை தட்டியது. அவன் தலையை ஆட்டி "தக்கோ" என்று பிரெஞ்சில் சரி சொன்னான்.

அன்று மாலை நான் அறைக்கு வந்தபோது நீ குளித்துவிட்டுச் சமைத்து முடித்திருந்தாய். "சோறு கிடக்கு, போட்டுச் சாப்பிடு" என்றாய். வழக்கமாக இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அன்று நீ ஏற்கெனவே சாப்பிட்டிருந்தாய். கோபம் என்றால் அவ்வளவுதான் உன் கோபம். நானும் பேச்சை எடுக்கவில்லை. நீ சண்டை பிடித்தால் மறுமொழி சொல்லலாம் என்று காத்திருந்தேன். நீ பிடிக்கவே இல்லை.

கெவின் இரண்டு ஆட்டம் ஆடினான். இரண்டிலும் வென்றோம், ஐந்து கோல் அவன் போட்டது. மூன்றாவது ஆட்டத்துக்கு முதல் நாள் தொலைபேசி எடுத்தான். தெற்கில் ஒரு கழகம் அவனைப் பரீட்சித்துப் பார்க்கக் கூப்பிட்டிருந்தது. எங்களை அவன் மாமா முறையில் 'தொந்தோன்' என்றுதான் கூப்பிடுவான். "தெசோலே, தொந்தோன். நான் போகவேணும்" என்றான், பிரெஞ்சில் மன்னிப்பும் தமிழில் மிச்சமுமாக. நானாக இருந்தாலும் போயிருப்பேன். போய் வா, நல்லா விளையாடு என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவனைப் பட்டியலில் இருந்து எடுத்தவன் நான்.

அவன் போன பிறகுதான் கொடுத்த முறைகளின் முகங்கள் தெரிந்தன. எங்களிடம் அந்த இடங்களுக்குக் கடைசியில் மிஞ்சியவர்கள் வந்திருந்தார்கள். நாற்பத்திரண்டு வயதில் முழங்காலில் பட்டி கட்டியவர் ஒருவர், வேலை முடிந்து பாதி ஆட்டத்துக்கு மட்டும் வரக்கூடியவர் ஒருவர். நல்ல மனிதர்கள். மூச்சு வாங்க ஓடினார்கள். அந்த இரண்டு சுற்றுகளிலும் என் முறையில் மோகன் அண்ணை எடுத்த இருவரும் அந்த வருடம் முழுவதும் ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை.

ஐந்தாவது ஆட்டம் உங்களோடு. மூன்றுக்குப் பூச்சியம் என்று நாங்கள் தோற்றோம். ஒரே ஒரு தடவை நான் பந்தோடு தனியாக வந்தேன், எதிரே நீ மட்டும். நான் இடப்பக்கம்தான் திரும்புவேன் என்பது உனக்கு ஆறு வருடமாகத் தெரியும். காலை நீட்டிப் பந்தை மட்டும் எடுத்தாய், என்னில் படவே இல்லை. நான் என்பாட்டில் சறுக்கி விழுந்தேன். நீ பந்தை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து கை நீட்டினாய்.

"எழும்பு."

நான் உன் கையைப் பிடிக்காமல் எழும்பினேன். மண்டபத்தில் நடந்ததற்குக்கூட ஆசை என்று ஒரு காரணம் சொல்லலாம். இதற்கு என்ன காரணம் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த வருடக் கிண்ணம் உங்களுக்குப் போனது. அடுத்த வருடம் உன்னை அணித்தலைவன் ஆக்கினார்கள். மோகன் அண்ணையின் மச்சாளை நீ கலியாணம் செய்தாய், ஓல்னேக்கு வீடு மாறினாய். கட்டிலைக் கழற்ற நான் உதவி செய்தேன். "வாறன் மச்சான்" என்று சொல்லிப் போனாய். பிறகு கோயில் தேருக்கு, யாருடையவாவது பிறந்தநாளுக்கு என்று கண்டுகொண்டோம். சிரித்தோம், வேலை எப்படி என்று கேட்டுக்கொண்டோம். வருடங்கள் இப்படியே போயின. அந்தக் கொடுக்கல் உனக்கு நல்லதாய் முடிந்தது என்று நானே எனக்குச் சொல்லி வந்தேன். அது பொய்யும் இல்லை.

உனக்கு ஈரலில் புற்றுநோய் என்று மோகன் அண்ணைதான் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ மெலிந்து, தலையணையில் சாய்ந்து, சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மருந்து பற்றி, குளிர் பற்றிக் கதைத்தோம். திடீரென்று நீ கேட்டாய்.

"கெவின் இப்ப எங்கையாம்?"

"துலூஸ் பக்கம். பஸ் ஓடுறானாம். ரெண்டு பிள்ளை."

"நல்ல விளையாட்டுக்காரன்" என்றாய். கொஞ்ச நேரம் மூச்செடுத்தாய். "நானாயிருந்தாலும் அவனைத்தான் எடுத்திருப்பன். என்னைக் குடுத்துத்தான் எடுக்கவேணும் எண்டாலும் எடுத்திருப்பன்."

நான் போர்வையின் ஓரத்தை மடித்துவிட்டேன்.

"ஆனா உன்னட்டைச் சொல்லிப்போட்டுச் செய்திருப்பன்."

அதற்குள் தாதி வந்துவிட்டார். அவர் போன பிறகு நீ கண்ணை மூடியிருந்தாய். நித்திரையா, என்னைப் போகச் சொன்னாயா தெரியவில்லை. மன்னித்துக்கொள் என்ற சொல் வாய்க்குள் இருந்தது. அடுத்த செவ்வாய் வரலாம் என்று நினைத்துக் கோட்டைப் போட்டேன். திங்கட்கிழமை நீ போய்விட்டாய்.

இறுதிக் கிரியையில் உன் அணிக்காரர் எல்லோரும் அணிச்சட்டை போட்டு வந்திருந்தார்கள். எனக்கு எந்த வரிசையில் நிற்பது என்று தெரியவில்லை, சுவரோரம் நின்றேன். மோகன் அண்ணை என் கையைப் பிடித்து உன் மனைவியிடம் கூட்டிப்போனார்.

"பிள்ளை, இவர்தான் அவரை எங்களுக்குத் தந்தவர்" என்றார். நன்றியோடுதான் சொன்னார்.

உன் மனைவி கை கூப்பினார். "தெரியும் அண்ணா. உங்களைப் பற்றி அடிக்கடி கதைப்பார்."

என்ன கதைப்பாய் என்று நான் கேட்கவில்லை. எல்லோரும் அழுதார்கள். நான் வாசலில் குடைகளை ஒழுங்குபடுத்தினேன்.

நான் இப்போது விளையாடுவதில்லை, அணியை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். இந்த வருடமும் ஒருவர் தன் முதல் முறையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், பதிலுக்கு என்னுடைய இரண்டு பேர் வேண்டுமாம். மறுமொழி சொல்லும் முன் அந்த இரண்டு பேருக்கும் தனித்தனியாகத் தொலைபேசி எடுத்தேன். முதலாமவன் வேலையில் நின்றான், பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. நான் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டான்.

"அண்ணை, இது விளையாட்டுத்தானே. இதுக்கெல்லாம் ஏன் போன் எடுக்கிறியள்?" என்றான்.

ஓம் என்றால் ஓம் சொல்லு, இல்லை என்றால் இல்லை சொல்லு, நான் நிற்கிறேன் என்றேன். பாத்திரச் சத்தம் நின்றது. அவன் யோசித்து முடிக்கும்வரை தொலைபேசியை வைக்காமல் நின்றேன்.