ரப்பரால் தேய்த்த மெமரி

அன்புள்ள அம்மாவுக்கு, மரக்காணத்தில் நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன். லேப்டாப் அடிக்கடி நின்று, நான் எண்ணி எழுதிய உப்பளத்துப் பறவைப் பதிவுகள் இரண்டு முறை அழிந்தன. உள்ளே செருகியிருக்கும் மெமரிப் பட்டையை மாற்றச் சொன்னார்கள் கடையில். மலிவானதா, உயர்ந்ததா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு உயர்ந்ததையே வாங்கினேன். அதுவும் இரண்டே மாதத்தில் மக்கர் பண்ணியது!

உப்பு லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் கம்ப்யூட்டர் பார்க்கும் தெய்வநாயகி அக்கா அதைக் கழற்றி, அதன் உலோகப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார்.

“உப்புக் காத்தும்மா. எதப் போட்டாலும் களிம்பு ஏறிடும். மாசம் ஒருவாட்டி தேச்சிடு.”

லேப்டாப் ஓடியது. பழைய மெமரியையும் தேய்த்துப் போட்டோம், அதுவும் ஓடியது! எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா. பேசாவிட்டாலும் பரவாயில்லை, சமைக்கும்போது போனை அடுப்படியில் சாய்த்து வை. லேப்டாப்பின் பெரிய திரையில் உன்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறேன். உப்பளத்துக்குப் போகும் வேன் வந்துவிட்டது.

உன் கோமதி