ராணிக்கு வெட்டிய வசனம்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீ நலமா என்பதைப் பாப்பா மூலமாகத்தான் தெரிந்துகொள்கிறேன். அவளோடு போனில் மணிக்கணக்காகப் பேசுகிறாய். என் முறை வரும்போது மட்டும் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. தப்பித்தவறி நான் பேசினாலும், கேள்விமேல் கேள்வி கேட்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்த போட்டோ. நீ வேலை பார்க்கும் மருத்துவமனை வாசலில் நிற்கிறாய், கொஞ்சம் இளைத்திருக்கிறாய். எடுத்தது யார்? உன்னோடு தங்கியிருக்கும் நர்ஸ் என்று பாப்பா சொல்கிறாள். அந்த நர்ஸ் பகலெல்லாம் தூங்குவாள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். போட்டோவின் ஓரத்தில் ஒரு பெரிய கறுப்புக் குடை தெரிகிறது. பார்த்தால் பெண்கள் பிடிக்கிற குடை மாதிரி இல்லை. சும்மாதான் கேட்கிறேன், பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றில்லை.

அடுத்தது உன் ஒப்பந்தம். இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, மேலும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்றாய். போடப்போகிறாயா, வீட்டுக்கு வரப்போகிறாயா என்பதை மட்டும் சொல்லவில்லை. பாப்பாவைக் கேட்டால், "அம்மா யோசிக்கிறாங்கப்பா" என்கிறாள். சொந்த வீட்டுக்கு வர இத்தனை யோசனை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

பள்ளியில் இந்த வருஷமும் நாடகத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். பள்ளிகளுக்கு இடையே போட்டி. நாற்பது நிமிடம்தான், தாண்டினால் மணியடித்துத் திரையைப் போட்டுவிடுவார்கள். நாம் கல்லூரியில் போட்ட அந்தப் பழைய ராஜா ராணி நாடகத்தையே எடுத்தேன். அரண்மனை வம்பைக் கேட்டு ராணியைச் சந்தேகப்பட்டு, மகளிடமிருந்து பிரித்துத் துரத்திவிட்டு, பிறகு ராஜா போய்க் கூப்பிடுவானே, அதுதான். முழுதாகப் போட்டால் மூன்று மணி நேரம். பிள்ளைகள் என்னைக் கத்தரி சார் என்று கூப்பிடுவது சும்மா இல்லை. நான்கு மந்திரிகளை ஒருவராக்கினேன். கோமாளியை எடுத்தேன். கடைசிக் காட்சியில் ராணி ஒரு பக்கத்துக்குப் பேசுவாள், அதை அப்படியே தூக்கிவிட்டு "வருகிறேன்" என்ற ஒரே வார்த்தையில் முடித்தேன். ராணி வேஷம் பாப்பாவுக்கு. மகள் என்பதற்காக இல்லை, கடைசி வரிசைவரை கேட்கிற குரல் அவளுக்குத்தான் இருக்கிறது.

போன வாரம் வேதியியல் கூடத்தில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒத்திகை பார்த்தோம். அட்டைக் கிரீடம் வைத்த ராஜா, "வா, வீட்டுக்குப் போகலாம்" என்றான். பாப்பா "வருகிறேன்" என்று சொல்லவில்லை. அவனை நேராகப் பார்த்து, "நான் வந்தால் இனி என்னை நம்புவீர்களா?" என்று கேட்டாள். அடுத்து, "என் மகள் என்னைத் தேடினாளா?" என்றாள்.

இரண்டும் நான் வெட்டிய பக்கத்தில் உள்ள வரிகள். பிள்ளைகளிடம் இருப்பது நான் சுருக்கி டைப் அடித்த பிரதி. முழுப் புத்தகம் என் பீரோவில் இருக்கிறது, சாவி என் சட்டைப் பையில். அப்படியென்றால் வெளியே கசியவிட்டது யார்?

எனக்கு முதலில் வேதியியல் வாத்தியார்மேல்தான் சந்தேகம். எனக்கு முன்னால் நாடகம் போட்டவர். "வெட்டி வெட்டி எலும்பைக்கூட விட்டுவைக்க மாட்டீங்க போல" என்று என்னைக் கேலி செய்பவர். நேரத்தைக் கூட்டி, மணியடிக்க வைத்து, என் மானத்தை வாங்கத் திட்டம் போடுகிறார் என்று நினைத்தேன். அவர் வகுப்புக்கு வெளியே ஒளிந்து நின்று கேட்டேன். அமிலத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். நூலகத்தில் இன்னொரு பிரதி இருக்குமோ என்று தேடப் போனேன். "அந்தப் புத்தகத்தை எடுத்துட்டுப் போயி இன்னும் திருப்பித் தராதவரே நீங்கதான் சார்" என்றார் நூலகர் அம்மா. பீரோ பூட்டையும் இழுத்துப் பார்த்தேன். பாப்பாவைக் கேட்டால், "தானா வந்துச்சுப்பா" என்கிறாள். வசனம் என்ன, தும்மலா தானாக வர?

கடைசியில் புத்தகத்தையே எடுத்துப் பார்த்தேன். அதில் ராணி முதலில் மகளைப் பற்றிக் கேட்கிறாள், நம்புவீர்களா என்பது பிறகுதான் வருகிறது. பாப்பா மாற்றிக் கேட்டிருந்தாள். 

அந்தத் தப்பை உலகத்தில் ஒருத்திதான் செய்திருக்கிறாள். கல்லூரி மேடையில் ராணியாக நீ பதற்றத்தில் அப்படித்தான் மாற்றிக் கேட்டாய். "நாள் தவறாமல் தேடினாள்" என்று சொல்லத் தயாராக நின்ற நான், நம்புவீர்களா என்று கேட்டதும் வாயடைத்துப்போனேன். ராஜா துக்கத்தில் பேச்சிழந்து நிற்கிறான் என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை நாள் சிரித்திருப்பாய்.

ஆக, போனில் இத்தனை நாளாக நீ அவளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். நீங்கள் இருவரும் என்னைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். அது அப்படியொன்றும் தப்பில்லை போலிருக்கிறது.

கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அடுத்த ஒத்திகையிலும் பாப்பா அதையே கேட்டபோது நான் நிறுத்தச் சொல்லவில்லை. ராஜாவாக நடிக்கிறவன் திருதிருவென்று முழித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "சார், இப்ப நான் என்ன சொல்றது?" என்றான். மேடையில் நான் நின்ற மாதிரியே மறுபடியும் நின்றேன். எல்லாரையும் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னேன். பாப்பா மட்டும் போகவில்லை. கிரீடத்தில் பிய்ந்த ஜிகினாத்தாளை ஒட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே இருந்தாள். அவள் மெலிந்துபோயிருக்கிறாள் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அவளும் உன்னைத் தேடுகிறாள், என்னிடம் சொல்வதில்லை.

இப்போது போர்க் காட்சியை எடுத்துவிட்டு ராணியின் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். புத்தகத்தின் வரிசையில் இல்லை, உன் வரிசையில். வாள் சண்டைக்காரர்கள் என்னோடு பேசுவதில்லை. வேதியியல் வாத்தியார், "உங்களுக்கு ஒட்டவும் தெரியுது சார்" என்று முதுகில் தட்டினார். அவருக்கும் இதில் பங்கு இருக்கும் என்றே இன்னும் நினைக்கிறேன்.

ராஜாவின் பதிலைப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. சூரியன் சாட்சி, சந்திரன் சாட்சி என்று அரைப் பக்கத்துக்குச் சத்தியம் செய்கிறான், எனக்கே நம்பிக்கை வரவில்லை. நானே ஒன்று எழுதியிருக்கிறேன், சின்னதுதான். அந்தப் பையனிடம் மட்டும் கொடுத்து, மேடை ஏறும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பாப்பாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே உனக்கு வந்துவிடும்.

நாடகம் இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை வந்து அந்தப் பதிலைக் கேள். பிடிக்கவில்லையென்றால் திரும்பிப் போய்ப் போட்டுக்கொள், நானே வண்டி ஏற்றிவிடுகிறேன். எந்த வண்டியில் வந்தாய், யார் ஏற்றிவிட்டார்கள் என்று கேட்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. அங்கே மழை விடவில்லை என்று பாப்பா சொன்னாள், நனையாதே. யாருடைய குடையாக இருந்தாலும் பரவாயில்லை, பிடித்துக்கொண்டு வந்து சேர்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
பாப்பா அப்பா