நடுவில் சுற்றிய கம்பி

மாத்தளை,
12.10.1997, ஞாயிறு.

அன்பு மகள் லோகேஸ்வரிக்கு அப்பா எழுதுவது,

முத்துமாரியம்மன் துணையில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், குவைத் வெயில் உன்னை வாட்டாமல் அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைக்கிறாள். உன் கடிதம் போன மாதமே கிடைத்தது. நீ வேலை செய்கிற மேடம் வீட்டுப் பூனை சோற்றைத் தொடாமல் மீன் மட்டும் தின்கிறது என்று எழுதியிருந்ததை வாசித்து அம்மா சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இங்கே மழை தொடங்கிவிட்டது, கடைக்குப் பின்னால் ஒழுகிய இடத்துக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. தீபாவளிக்கு இன்னும் இரண்டரை வாரம். நீ இல்லாமல் பலகாரம் எதற்கு என்று அம்மா சொல்கிறாள், ஆனால் நேற்றே அரிசி மாவு இடித்து வைத்துவிட்டாள்.

நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிற பேட்டன்ட் விஷயம் இந்த வாரம்தான் ஒரு முடிவுக்கு வந்தது. அதை முழுதாக எழுத வேண்டும் என்றே இவ்வளவு நாளாகப் பதில் போடாமல் இருந்தேன், கோபிக்காதே. எனக்குச் சாதகமில்லாத இடத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். நாங்கள் செய்கிற பெட்டரி லைட் பெட்டி உனக்குத் தெரியும். கார் பெட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டைச் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டிக் கூட்டி டியூப் லைட்டை எரிய வைக்கிற கன்வெர்ட்டர் அது. கரண்ட் போகாத தோட்டத்து லயங்களுக்கும் லக்கல பக்கத்தில் காட்டை வெட்டிப் பயிரிட்டு யானைக்குக் காவலிருக்கிற சேனைக் குடிசைகளுக்கும் எத்தனை செய்து கொடுத்திருப்போம். அதைச் செய்தவன் நான் என்று அரசாங்கம் எழுதித் தர வேண்டும் என்று ஆசைப்பட்டு விண்ணப்பம் போட்டபோது நீ இங்கேதான் இருந்தாய். பக்கத்துத் துணிக்கடை ஸக்கரியா நானா இங்கிலீஷில் டைப் அடித்துத் தந்தார். கொயில் எல்லாம் சுற்றுவது அம்மாதானே, அவங்க பேரையும் போடுங்கப்பா என்று நீ சொன்னாய். கம்பி சுற்றுவது கைவேலை, கண்டுபிடிப்பு வேறு என்று நான் சிரித்தேன். அம்மா அப்போது அடுப்படியில் இருந்தாள், அவள் காதிலும் விழுந்திருக்கும்.

ஜூன் மாதம் கொழும்பு பேட்டன்ட் அலுவலகத்திலிருந்து பரிசோதகரின் பதில் வந்தது. விண்ணப்பத்தில் நமக்கு எது எது சொந்தம் என்று ஒவ்வொரு வாக்கியமாக எழுத வேண்டும், அதைக் கோரிக்கை என்கிறார்கள். நான் மூன்று கோரிக்கை எழுதியிருந்தேன். முதலாவது பெட்டி முழுவதும் எனக்கே என்பது. அந்த அமைப்பு முப்பது வருஷத்துக்கு முன்பே ஜப்பான்காரர் ஒருவர் எழுதி வைத்தது, புதிதல்ல, தர முடியாது என்று வந்திருந்தது. இரண்டாவது அதே பெட்டியைத் தகரக் கூட்டுக்குள் வைப்பது, அதற்கும் அதே பதில். மூன்றாவதில் கொயிலுக்குள் இருக்கிற சின்னச் சுற்றைப் பற்றி, படத்தில் காட்டியபடி தக்கவாறு நடுவில் அமைந்தது, பொருத்தமான எண்ணிக்கை உடையது என்று எழுதியிருந்தேன். படம் கடையில் கிடந்த ஒரு கொயிலைப் பிரித்துப் பார்த்து ஸக்கரியா நானாவின் மகன் வரைந்தது. தக்கவாறு என்றால் எவ்வாறு, பொருத்தமான என்றால் எத்தனை, இது தெளிவில்லை, ஆனால் இந்த அமைப்பு வேறெங்கும் காணப்படவில்லை, எங்கே எத்தனை சுற்று, அதனால் என்ன நடக்கிறது என்று தெளிவாக எழுதி முதலாவதோடு சேர்த்து ஒரே கோரிக்கையாக்கினால் ஏற்கலாம் என்று பரிசோதகர் எழுதியிருந்தார். நானா அதை வாசித்துவிட்டு, "அழகமுத்து, இது நல்ல செய்திதானே" என்றார். எனக்கு நல்ல செய்தியாகப் படவில்லை மகள். இருபத்தாறு வருஷம் என்னுடையது என்று நினைத்திருந்தது ஊருக்கே பொது என்று ஒரு தாளில் வந்துவிட்டது. மூன்றாவதைத் தெளிவாக எழுதலாம் என்று உட்கார்ந்தால் அது ஏன் நடுவில் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. சின்னச் சுற்றை எல்லாவற்றுக்கும் மேலே சுற்ற வேண்டும் என்றுதான் நான் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தது.

அவளிடம் கேட்டேன். "மேல வச்சா டியூபைக் கழட்டினதும் உள்ளுக்குள்ள கத்துதுங்க, அதனால நான் நடுவுல வச்சிட்டேன், அது ஏழெட்டு வருஷம் ஆச்சு" என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலையே" என்றாள், கோபமில்லாமல்தான் சொன்னாள். அதன் பிறகு எரிந்து திரும்பி வந்த பெட்டிகளைத் தட்டிலிருந்து இறக்கிப் பிரித்தேன். பதினொன்று. அவசரத்துக்கு நான் சுற்றிய கொயில்கள் பதினொன்றும். சேனைக்காரர்கள் லைட் எரியும்போதே டியூபைக் கழற்றுவார்கள், அந்த நொடியில் டிரான்ஸிஸ்டர் செத்துவிடும், அது அவர்களுடைய பிழை என்று நான் எத்தனை பேரைக் கடிந்து பேசியிருக்கிறேன். அம்மா சுற்றியதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

நேரில் வந்து செய்து காட்டலாம் என்று கொழும்பிலிருந்து நாள் கொடுத்தார்கள், ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணி. ஒரு பெட்டியையும் டியூபையும் எடுத்துக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் போனோம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். வயரும் கொயிலுமாக ஒரு பெட்டி, அடையாள அட்டையில் இரண்டு தமிழ்ப் பெயர், மற்றதை நான் எழுதத் தேவையில்லை. இது என்ன என்று கேட்டார்கள். படபடப்பில் நான் ஸ்விட்சிங் கன்வெர்ட்டர் என்று சொல்லிவிட்டேன். "ஸ்விட்ச் எங்க? எதைப் போடுற ஸ்விட்ச்?" என்று அந்த அதிகாரி கேட்டார். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. அப்போது அம்மா முன்னால் வந்து சிங்களத்தில், மாத்தயா, இது லைட் எரிக்கிற பெட்டி, யானை வராமல் சேனையில் வைப்பது, ஒரு பெட்டரி தாருங்கள், எரித்துக் காட்டுகிறேன் என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. ஜீப் பெட்டரியில் மாட்டினார்கள். பட்டப் பகலில் டியூப் எரிந்தது. அவள் டியூபைக் கழற்றிக் காட்டினாள், மாட்டிக் காட்டினாள். அப்படியும் கொயிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று அதிகாரி அதை வெட்டிக் கம்பியை முழுக்க இழுத்துப் போட்டார். உள்ளே கம்பியைத் தவிர வேறென்ன இருக்கும். மூன்று மணி நேரம் கழித்துத்தான் எங்களைப் போக விட்டார்கள். கிளம்பும்போது இன்னொரு சிப்பாய் சிந்திக் கிடந்த கம்பியையும் அது சுற்றியிருந்த கறுப்புக் கட்டையையும் பொறுக்கிப் பேப்பரில் சுற்றி அம்மா கையில் கொடுத்தார்.

அலுவலகம் போய்ச் சேர இரண்டு மணி தாண்டிவிட்டது. காட்டுவதற்கு ஒன்றுமில்லை, திரும்பிப் போவோம் என்றேன். அம்மா அங்கே இருந்த மர வாங்கில் உட்கார்ந்து, பையிலிருந்து இரண்டு சின்னக் கம்பி உருளைகளையும் மெழுகுத் தாளையும் எடுத்தாள். தேவைப்படாது என்று நான் வீட்டில் வெளியே எடுத்து வைத்தவற்றை மறுபடி பைக்குள் போட்டிருக்கிறாள். அந்தக் கறுப்புக் கட்டையை மடியில் வைத்துச் சுற்றத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் பரிசோதகர் அறையிலிருந்து வெளியே வந்தார். உன்னைவிட நாலைந்து வயது மூத்த சிங்களப் பெண்பிள்ளை, மெல்லிய கண்ணாடி போட்டவர். நேரம் தப்பியதற்கு நான் மன்னிப்புக் கேட்கக் கேட்க அவர் என்னைப் பார்க்கவே இல்லை, அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். முதலில் எத்தனை சுற்று என்று கேட்டார், இருபத்திரண்டு என்றாள். அதற்கு மேல் ஒரு சுற்று மெழுகுத் தாள், அதற்கு மேல் மெல்லிய கம்பியில் ஐந்து, பக்கம் பக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், மறுபடி தாள், மறுபடி இருபத்திரண்டு. ஏன் நடுவில் என்று கேட்டார். இரண்டு பக்கமும் ஒட்டி இருந்தால் டியூப் இல்லாதது அதற்கு உடனே தெரிந்துவிடுகிறது, கத்தாமல் தானாக நின்றுவிடுகிறது என்று அம்மா சொன்னாள். பரிசோதகர் என் பக்கம் திரும்பி, நீங்கள் ஏன் எழுதாமல் நிற்கிறீர்கள், அவர் சொன்னதை எழுதுங்கள், நான் கேட்டது அதைத்தான் என்றார். வாங்கின் ஓரத்தில் தாளை வைத்து எழுதினேன். தக்கவாறு, பொருத்தமான என்ற இரண்டு சொல்லையும் வெட்டினேன். எழுதி முடித்ததும், இந்தச் சுற்று யாருடைய கண்டுபிடிப்பு என்று கேட்டார். என் மனைவி காத்தாயியுடையது என்றேன். சொல்வதற்கு முன் நான் கொஞ்சம் தயங்கினேன், அதையும் உனக்கு எழுதிவிடுகிறேன். அப்படியானால் பெயரைத் திருத்தி வேறு படிவம் தர வேண்டும் என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

போன செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. சேர்த்து எழுதிய கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். ஸக்கரியா நானா கடை வாசலில் நின்று உரக்க வாசித்தார், கண்டுபிடிப்பாளர்கள் என்ற இடத்தில் முதலில் அம்மா பேர், பிறகு என் பேர். அம்மா அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பின்னால் போனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருக்கிறாள். முதலாவது கோரிக்கை போனதில் உங்களுக்கு இன்னும் வருத்தமா என்று என்னைக் கேட்டாள். பிறகு அவளே, "உங்க பெட்டி இல்லாம என் சுத்தை நான் எங்க கொண்டு வைக்கிறது" என்றாள். உனக்கு நாங்கள் கல்யாணம் பேசத் தொடங்கும்போது பையனுடைய படிப்பு, வேலை எல்லாவற்றையும் பிறகு பார்ப்போம் மகள், நீ சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறவனா என்று முதலில் பார்ப்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெளியில் போகும்போது பாஸ்போர்ட் கொப்பியைக் கையோடு வைத்துக்கொள், கோப மனதோடு யாருக்கும் பதில் பேசாதே. ஆத்தா உன்னை நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் வைத்திருப்பாள்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தானும் சொல்ல வேண்டும் என்கிறாள். ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்.

"லோகு, போன கடிதாசில கை வலிக்குதுன்னு ஒரு வரி எழுதிட்டு விட்டுட்டியே. எந்தக் கை, பெருவிரல் பக்கமா சுண்டுவிரல் பக்கமா, எழும்பும்போதா துணி பிழிஞ்ச பொறகா, எத்தனை நாளா வலிக்குது, எல்லாத்தையும் சரியா எழுது. சும்மா வலின்னு எழுதினா இங்க இருந்து நான் எந்த எடத்தைத் தடவி விடுறது தாயி."

இப்படிக்கு,
உன் அப்பா அழகமுத்து,
அம்மா காத்தாயி.