அழ வராத மணப்பெண்

அன்புள்ள கெமியின் அப்பாவுக்கு, கொபுசிங்யே எழுதுகிறேன்.

மலையில் மழை விட்டபாடில்லை. மற்றபடி நானும் கெமியும் உங்கள் அம்மாவும் சுகம். துபாய் வெயிலில் வாசல் காவலுக்கு நிற்கும் உங்கள் கால்வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்கிறீர்கள். பின்னால் பத்துப் பேர் பேசுவது கேட்கிறது. அந்த அறைக்குள் நான் எதைச் சொல்ல? அதனால்தான் விடுமுறை முடிந்து துபாய்க்குத் திரும்பும் நிவமன்யாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

கெமிக்கு முன்பல் விழுந்துவிட்டது. போன வாரம் கொரில்லாக் கூட்டம் காட்டைவிட்டு இறங்கி, நம் வாழைத் தோப்பில் பாதித் தண்டுகளை உரித்துத் தின்றுவிட்டுப் போனது. உங்கள் அம்மா வாசலில் நின்று அவற்றின் பரம்பரையையே திட்டித் தீர்த்தார். சுற்றுலாக்காரர்கள் அதையும் படம் பிடித்துக்கொண்டார்கள்.

ஊர்ச் சங்கம் அவர்களுக்கு நடித்துக் காட்டும் கல்யாணத்தில் இன்னும் நான்தான் மணப்பெண். காலையில் கொரில்லா பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு மதியம் என் கல்யாணம். கூடைபோல் பின்னிய பல்லக்கில் என்னை உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவார்கள். மேலே மாமியாராக நிற்பது உங்கள் அம்மாவேதான். மாப்பிள்ளை மட்டும் நீங்கள் இல்லை; முரசடிக்கும் ப்யாருகாபா. உங்களோடு பள்ளிக்கூடம் போனவர்தான், இப்போது மனைவியை இழந்தவர்.

பிறந்த வீட்டைவிட்டுப் போகும் பெண் அழாவிட்டால் அப்பனுக்குத்தானே அவமானம். எனக்கு முன் மணப்பெண்ணாக இருந்தவள் வெங்காயத்தைத் துணியில் முடிந்துகொண்டு போவாள். எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை. உங்களை ஏற்றிக்கொண்டு கம்பாலா பஸ் வளைவில் மறைந்ததை நினைத்தால் போதும், அடைமழைதான். வெள்ளைக்காரப் பெண்களே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால் உங்களோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்ததுபோல இருக்கும்.

இப்போது அழ வரவில்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்த மழை தொடங்கிய புதிதில், தூக்கியவர்கள் சேற்றில் வழுக்கி, பல்லக்கோடு என்னைச் சர்க்கரைவள்ளித் தோட்டத்தில் கொட்டிவிட்டார்கள். ப்யாருகாபா மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "பொண்ணு அவசரத்துல வேற வீட்டுக்குள்ள பூந்துட்டா போல. பரவால்ல, கெழங்கையும் சீரோட சேத்துத் தூக்கிட்டு வாங்க" என்றார். நான் சிரித்தேன். மண்ணில் கிடந்தபடியே வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தபோதுதான் பயம் வந்தது.

அதற்குப் பிறகு பஸ்ஸை நினைக்கிறேன், வளைவை நினைக்கிறேன். கண் வறண்டு கிடக்கிறது. காலையில் முகம் கழுவும்போதே மதியம் எப்போது வரும் என்று மனம் கேட்கிறது. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. என் நிழலைக்கூட மிதிக்காமல் நடக்கிற மனிதர். நானும் செய்யவில்லை. ஆனால் மனம்விட்டுப் பேச ஆளில்லாதவளுக்கு ஒரு சிரிப்பு எவ்வளவு பெரிய விருந்து என்பது, பத்துப் பேர் நடுவில் படுத்துத் தூங்கும் உங்களுக்கும் தெரியும்.

உங்கள் அம்மா கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஒருநாள் சோளக் கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "நீ அழுதுக்கிட்டிருந்த வரைக்கும் எனக்குக் கவலையில்ல. இப்ப பயமா இருக்குடி. உம்மேல கோவமில்ல. அவனுக்கு எழுது, மறைக்காம எழுது" என்றார். பிறகு என் தலையைத் தடவிக்கொடுத்தார். அதற்கும் எனக்கு அழ வரவில்லை.

ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். போன தடவை கேட்டபோது உங்கள் இஷ்டம் என்றேன். இந்தத் தடவை என் இஷ்டத்தைச் சொல்கிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பணத்தில் போட நினைத்த தகரக் கூரைக்கு என்ன அவசரம்? ஓலை இன்னும் தாங்கும்.

நீங்கள் வந்து இறங்கும் நாளில் நான் அழுவேனா, சிரிப்பேனா, எனக்கே தெரியவில்லை. எதுவானாலும், அது உங்களுக்கென்று என்னிடம் இருக்கும்போதே வந்துவிடுங்கள்.

கடவுள் உங்கள் கால்களை இந்த மலைப்பக்கம் திருப்பட்டும்.

இன்னும் உங்கள் மனைவி,
கொபுசிங்யே