அக்காவின் ஆய்வேடும் என் இலவச உதவியும்

மார்ச் 3

அக்காவின் ஆய்வேடு என் தலையில் விழுந்தது. அவளுக்குப் பகலில் நர்ஸ் வேலை, வாரக்கடைசியில் முதுநிலைப் படிப்பு. இது முடிந்தால்தான் வார்டை விட்டு நர்ஸிங் பள்ளி ஆசிரியையாகப் போக முடியும். தலைப்பு: நர்ஸ்கள் எப்போதெல்லாம் கை கழுவுவதில்லை. சொந்த இனத்தையே காட்டிக்கொடுத்திருக்கிறாள். நன்றாகவே எழுதியிருக்கிறாள்.

டைப் செய்த லட்சணம்தான் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போக என்டரைத் தட்டித் தட்டியே இறங்கியிருக்கிறாள், மாடிப்படி மாதிரி.

“இதுக்குன்னு ஒரு பட்டன் இருக்குக்கா.”

“அதுக்குத்தான் உன்னை வெச்சிருக்கேன்.”

மார்ச் 9

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கு நான் வைத்த பெயர் சிவப்பு மை. முழு ஆய்வேட்டையும் படித்துவிட்டு அவர் கண்டுபிடித்த ஒரே குறை: இடது ஓரம் கால் அங்குலம் குறைகிறது. அறிவியல் பிழைத்தது.

மார்ச் 14

அக்காவுக்குக் காப்பியடித்ததாகச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். எவரிடமிருந்து எடுத்தாலும் மேற்கோள், அடிக்குறிப்பு. சோப்பு நுரைக்கும் என்பதற்கே ஆதாரம் தேடுவாள் போல. பொறுமை போய், காப்பியைக் கண்டுபிடிக்கும் ஒரு இலவசத் தளத்தில் ஏற்றிப் பார்த்தேன். ஆறு சதவீதம். திருத்திவிட்டு மறுபடி ஏற்றினேன். நான்கு.

“அந்த சைட்டுக்காரன் நம்ம பேப்பரை எடுத்து வெச்சுக்க மாட்டானா?”

“அவனுக்கு வேற வேலை இல்ல பாரு.”

மார்ச் 20

சமர்ப்பித்தாயிற்று.

மார்ச் 26

கல்லூரியின் சோதனையில் தொண்ணூற்று நான்கு சதவீதம் காப்பி.

தொண்ணூற்று நான்கு! பைபிளை அப்படியே டைப் செய்தாலும் அவ்வளவு வராதே. அடுத்த வியாழன் விசாரணைக் குழு முன்னால் நிற்க வேண்டும். நிரூபணமானால் படிப்பு ரத்து. அக்கா யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டாள். போட்டதற்கே மறுபடி போட்டாள்.

மார்ச் 27

அந்தத் தளத்தின் நிபந்தனைகளை இன்றுதான் படித்தேன். ஏற்றுகிற எல்லாவற்றையும் அவனே சேமித்து வைத்து மற்ற சோதனைகளுக்கும் கொடுப்பானாம். அவள் எழுதியதை அவளே திருடியதாகக் காட்டுகிறது. அந்தக் கட்டத்தில் ‘சம்மதம்’ என்று தட்டியது யாரு? நான்தான். ஊர்ல இருக்கிறவனையெல்லாம் முட்டாள்னு சொல்ற வாய் இது. இதை எப்படிச் சொல்றது அவகிட்ட?

மார்ச் 28

சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் இல்லை. அது இன்னும் மோசம்.

“குழுவுக்கு மெயில் போட்டு விளக்கிடறேன்க்கா.”

“நேர்ல வா. கையெழுத்து போட்ட கடிதத்தோட வா.”

அக்காவின் கணவரான மாமா மட்டும், “சட்டையை இஸ்திரி போட்டுட்டுப் போடா, மாப்பிள்ளை. அதுலயாவது குறை இல்லாம இருக்கட்டும்” என்றார்.

ஏப்ரல் 2

குழுவில் மூன்று பேர், அதில் சிவப்பு மையும் ஒருவர். அவர் ஆய்வேட்டை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, எங்கெங்கிருந்தோ கேள்வி கேட்டார். எந்த வார்டில் அதிகம் கை கழுவவில்லை, ஏன்? அக்கா தடுமாறவே இல்லை. வாஷ்பேசின் கதவுக்குப் பின்னால் மறைந்திருப்பதிலிருந்து, டாக்டர் அவசரப்படுத்துவது வரை சொன்னாள். நான் அந்த ஆய்வேட்டின் ஓரங்களை மட்டுமே பார்த்திருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பிறகு என் கடிதம். தலைவர் அம்மா படித்துவிட்டுக் கேட்டார்: “நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

“கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்.”

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஏப்ரல் 17

ஏற்றுக்கொண்டார்கள். ஒரு நிபந்தனையோடு: அவ்வளவு சதவீதம் ஏன் வந்தது என்பதற்கான விளக்கமும் ஆய்வேட்டோடு சேர்த்து பைண்ட் ஆக வேண்டும். சிவப்பு மையின் யோசனையாம்.

மே 6

நூலகத்துக்குப் போன பிரதியை அக்கா காட்டினாள். கடைசிப் பக்கம்: ‘பின்னிணைப்பு: தம்பியின் கடிதம்.’ அவளே டைப் செய்தாளாம். ஓரமெல்லாம் கச்சிதம்.

“சந்தோஷமாடா? நீயும் அச்சுல வந்துட்ட.”

அடுத்த திங்கள் நர்ஸிங் பள்ளியில் ஆசிரியையாக அவளுக்கு முதல் வகுப்பு. என் பக்கத்தை மறுபடி படித்தேன். இதை எவனும் காப்பியடிக்க மாட்டான்.